அப்பத்தாவோட தண்டட்டியை மாத்திச் செயின் எடுக்கலாமா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க

தீபாவளி, பொங்கல்னு ஊருக்குப் போயிட்டு வந்ததும் பல பேர் ஒரே மாதிரி கேட்கிற கேள்வி இது: "வீட்டுல அப்பத்தாவோட தண்டட்டி சும்மா கிடக்கு. யாரும் போடப் போறதில்லை. அதைக் கொடுத்துட்டு ஒரு செயின் எடுத்துடலாமா?"

சுந்தரபாண்டியம், கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம்னு நம்ம பக்கத்து வீடுகள்ல இன்னைக்கும் பீரோவுக்குள்ள, மஞ்சள் துணியில சுத்தி இப்படி ஒரு ஜோடி இருக்கலாம். கேள்வி சின்னதுதான். ஆனா இதுல தப்பான முடிவு எடுத்தா ரெண்டு விதமா நஷ்டம். பணமும் போகும், திரும்ப யாராலும் செஞ்சு கொடுக்க முடியாத ஒரு பொருளும் போகும். அதனால இன்னைக்கு நகையோட அர்த்தத்தையும் விலையையும் தனித்தனியா கணக்குப் போடுறது எப்படின்னு பார்ப்போம். அதுக்கு உதவியா சீனாவுல இருந்து ஒரு பச்சைக் கல்லையும் கொஞ்சம் கடன் வாங்கிக்கலாம்.

ஜேடு: தங்கம் வெறும் நூலாக இருந்த இடம்

சிங்கப்பூர், மலேசியாவுல வேலை பார்க்கிறவங்க கவனிச்சிருப்பீங்க. சீனப் பெண்கள் பல பேர் கையில ஒரு பச்சை வளையல் இருக்கும். கொக்கி, திருகு எதுவும் கிடையாது. ஒரே கல்லைக் குடைஞ்சு செஞ்ச முழு வட்டம். சோப்பு போட்டுக் கையை வழுக்கித்தான் மாட்டணும். மாட்டிட்டா வருஷக்கணக்கில் கழற்றாதவங்களும் உண்டு. அந்தக் கல்லுக்குப் பேர் ஜேடு. நாம போட்டா அது அழகுக்கு. அவங்களுக்கு அது காப்பு.

கன்பூசியஸ் வழி வந்த பழைய நூல்கள் நல்ல மனிதனோட குணங்களை ஜேடு கல்லோட குணங்களுக்கு ஒப்பிட்டுப் பேசுது. போடுறவங்க உடம்புச் சூட்டில் கல் வருஷம் போகப் போக மெருகேறும்னு நம்பிக்கை. ஒருநாள் வளையல் உடைஞ்சா, நமக்கு வர இருந்த கெடுதியை அது வாங்கிக்கிச்சுன்னு சொல்வாங்க.

இந்த மரியாதை எவ்வளவு பழசுன்னு பாருங்க. 1968-ல் சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் மான்செங் என்ற இடத்தில் லியூ ஷெங் என்ற ஹான் வம்ச இளவரசனின் கல்லறையைத் தோண்டினாங்க. உடம்பு முழுக்க மூடுற மாதிரி ஒரு கவசம் கிடைச்சது. 2,498 ஜேடு துண்டுகள். அதைக் கோர்க்கச் சுமார் 1,100 கிராம் தங்கக் கம்பி. கவனிங்க, அங்கே தங்கம் தைக்கிற நூல்தான், நகை ஜேடு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் பதக்கங்களின் பின்பக்கத்திலும் ஜேடு வளையம் பதிச்சிருந்தாங்க.

இப்போ கணக்குக்கு வருவோம். அந்த வளையலை நம்ம ஊர் வங்கியில் அடகு வைக்கப் போனா எவ்வளவு கொடுப்பாங்க? ஒரு ரூபாய்கூடக் கிடையாது. ஏன்னா ஜேடுக்குத் தங்கம் மாதிரி 'இன்னைக்கு கிராம் இவ்வளவு'ன்னு ஒரு விலை கிடையாது. அந்தப் பேர்ல ரெண்டு வேற வேற கற்கள் இருக்கு. நெஃப்ரைட், ஜேடைட்னு ரெண்டும் தனித்தனிக் கனிமம்னு 1863-ல் டாமூர் என்ற பிரெஞ்சு அறிஞர் பிரிச்சுக் காட்டினார். உயர்ந்த ரக ஜேடைட் மியான்மரின் கச்சின் மாநிலத்தில் இருந்து வருது. நிறம், ஒளி ஊடுருவுற தன்மை, உள்ளே விரிசல் இருக்கா, அமிலத்தில் ஊறவைச்சுப் பிசின் ஏத்தினதான்னு ஒவ்வொரு துண்டையும் தனியாப் பார்த்துத்தான் விலை சொல்லணும். உருக்கிப் புதுசு செய்யவும் முடியாது. ரெண்டா வெட்டினா மதிப்பும் ரெண்டா பிரியாது.

தங்கம் அப்படி இல்லை. உங்க ஒரு கிராமும் என் ஒரு கிராமும் ஒண்ணுதான். உருக்கலாம், பிரிக்கலாம், எந்த ஊரிலும் விற்கலாம். ஒரு நகைக்கு அர்த்தக் கணக்கு, பணக் கணக்குன்னு ரெண்டு பேரேடு போட்டா, ஜேடு வளையல் பெரும்பாலும் முதல் பேரேட்டில் வரும். கடையில புதுசா வாங்கின செயின் பெரும்பாலும் ரெண்டாவதில். தண்டட்டி ரெண்டிலும் வரும். குழப்பம் அதனாலதான்.

தண்டட்டி இருக்கு, காது இல்லை

நம்ம பக்கம் தண்டட்டி, திருநெல்வேலிப் பக்கம் பாம்படம். ஊருக்கு ஊர் வடிவமும் பேரும் கொஞ்சம் மாறும். உருண்டையும் சதுரமும் தகடும் சேர்ந்த கனமான காதணி. இதைப் போட முதல்ல காதை வளர்க்கணும். சின்ன வயசிலேயே காது குத்தி, துளையைப் பெருசாக்கி, குணுக்கு மாதிரி கனமானதைத் தொங்கவிட்டு, மடல் தோளைத் தொடுற அளவுக்கு நீள வைப்பாங்க. வருஷக்கணக்கில் நடக்கிற வேலை. பிறகு பள்ளிக்கூடம், நாகரிகம்னு காலம் மாறினப்போ அந்த வழக்கம் நின்னுச்சு. வளர்த்த காதைத் தைச்சுக்கிட்டவங்களும் உண்டு.

அதனால ஜேடு வளையலுக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். பாட்டியோட வளையலைப் பேத்தி நாளைக்கே மாட்டிக்கலாம். அப்பத்தாவோட தண்டட்டியை மாட்ட நம்ம தலைமுறையில் காது இல்லை. போடவே முடியாத நகையை வச்சு என்ன பண்றதுன்னு உங்களுக்குத் தோணுறது நியாயம்தான்.

ஆனா அவங்களுக்கு அது என்னவா இருந்துச்சு? பெண்கள் பேர்ல வங்கிக் கணக்கு அபூர்வமா இருந்த காலத்தில், அவங்க பேர்ல இருந்த சேமிப்பு காதில்தான் தொங்குச்சு. விதைக்கும் உரத்துக்கும், பிள்ளைங்க படிப்புக்கும், ஆஸ்பத்திரிக்கும்னு அடகுக்குப் போய் மீண்டு வர்ற நகை அது. 2023-ல் வந்த 'தண்டட்டி' படம் பார்த்திருந்தா தெரியும், சாவு வீட்டில் காணாமப் போன ஒரு ஜோடியைச் சுத்தி ஒரு முழுக் கதையே ஓடுது. சட்டமும் பெண்ணோட பக்கம்தான் நிக்குது. மனைவியின் சீதனம் அவளுக்கே சொந்தம், கணவன் கையில் இருந்தாலும் அது அவனுடையது ஆகிடாதுன்னு உச்ச நீதிமன்றம் 1985-ல் பிரதிபா ராணி வழக்கில் தெளிவாச் சொல்லிடுச்சு.

ஆக, ரெண்டு நகையும் காப்புதான். ஜேடு உடைஞ்சு காப்பாத்தும்னு அவங்க நம்புறாங்க. தண்டட்டி அடகுக்குப் போய்க் காப்பாத்துச்சு. இந்த வித்தியாசத்தை மனசில் வச்சுக்கோங்க, கடைசியில் முடிவு எடுக்க இதுதான் உதவும்.

தராசு காட்டுறது வேற, கையில வர்றது வேற

தண்டட்டியைக் கையில் எடுத்தா கனமா இருக்கும். உடனே வீட்டில் "அஞ்சு பவுன் தேறும்"னு பேச்சு வந்துடும். இங்கதான் முதல் ஏமாற்றம். இந்த நகைகள் பெரும்பாலும் முழுத் தங்கம் இல்லை. மெல்லிசான தங்கத் தகட்டை வடிவமா மடிச்சு, உள்ளே அரக்கு வச்சு அடைப்பாங்க. குறைஞ்ச தங்கத்தில் பெரிய நகை செய்ய நம்ம பத்தர்கள் கண்ட வழி அது. அதோட அந்தக் காலத்தில் 916 முத்திரை கிடையாது. மாற்று நகைக்கு நகை மாறும்.

ஒரு உதாரணம் போடுவோம். கணக்கு எளிதா இருக்க, 24 கேரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய்னு வச்சுக்கலாம். நீங்க செய்யும்போது அன்றைய விலையைப் போட்டுக்கோங்க.

- ஜோடியின் மொத்த எடை: 40 கிராம் (5 பவுன்)
- உள்ளே அரக்கு: 12 கிராம்
- தங்கம்: 28 கிராம்
- மாற்று 20 கேரட் என்றால் சுத்தத் தங்கம்: 28 × 20 ÷ 24 = 23.33 கிராம்
- மதிப்பு: சுமார் 2,33,300 ரூபாய்

வீட்டில் எல்லாரும் மனசில் வச்சிருந்தது 4,00,000. உண்மையில் இருக்கிறது அதில் 60 சதவீதத்துக்கும் கீழே. யாரும் ஏமாத்தலை, எடையில் அரக்கும் சேர்ந்திருக்கு, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல். கடையில் இருக்கிற கேரட் மீட்டர் மேல்பரப்பைத்தான் படிக்கும். உள்ளே எவ்வளவு அரக்கு, பொடி வச்ச இடத்தில் மாற்று என்னன்னு துல்லியமாத் தெரியணும்னா உருக்கணும். உருக்கின பிறகு தண்டட்டி இல்லை. அதாவது சரியான விலை தெரியுற நிமிஷத்தில் முடிவை மாத்துற வாய்ப்பு போயிடும். அதனால உருக்குறதுக்கு முன்னாடியே குறைஞ்சது மூணு இடத்தில் உத்தேச மதிப்பு கேளுங்க. அதில் ஒண்ணு நகை விற்கிற கடையா இல்லாம, வங்கி நகை மதிப்பீட்டாளராவோ பழைய பத்தராவோ இருந்தா நல்லது.

மாத்திச் செயின் எடுத்தா எவ்வளவு போகும்?

"விலைக்கு விலை எடுத்துக்கிறோம், கழிவே கிடையாது"ன்னு கடைக்காரர் சொல்றார்னே வச்சுக்கலாம். உங்களுக்கு முழுசா 2,33,300 ரூபாய் வரவு. இப்போ புது 22 கேரட் செயின்:

- 22 கேரட் கிராம் விலை: சுமார் 9,167 ரூபாய்
- செய்கூலி, சேதாரம் 15 சதவீதம் சேர்த்தா: சுமார் 10,542
- அதன் மேல் ஜிஎஸ்டி 3 சதவீதம்: சுமார் 10,858

2,33,300-ஐ 10,858-ஆல் வகுத்தா 21.49 கிராம் செயின் கிடைக்கும். அதில் சுத்தத் தங்கம் 19.70 கிராம். நீங்க கொண்டு போனது 23.33 கிராம். 3.63 கிராம், அதாவது சுமார் 36,000 ரூபாய், கடை வாசலைத் தாண்டுறதுக்குள்ள போயிடுச்சு. கழிவே இல்லாத கடையில் இந்த நிலைமை.

செயின் மேல தப்பில்லை. தினமும் போடப் போறீங்கன்னா அந்த 36,000 அழகுக்கான செலவு. அதை 'முதலீடு'ன்னு மட்டும் எழுதாதீங்க.

அடுத்து பல பேருக்குத் தெரியாத ஒண்ணு: பழைய நகையைக் கொடுத்துப் புதுசு எடுக்கிறதும் வருமான வரிச் சட்டப்படி ஒரு விற்பனைதான். பணம் கைக்கு வரலைன்னாலும் மூலதன ஆதாயம் உண்டு. வாரிசா வந்தப்போ வரி இல்லை. எஸ்டேட் டியூட்டி 1985-லேயே ஒழிஞ்சு போச்சு. ஆனா விற்கும்போது கணக்கு தொடங்கும். அப்பத்தா வச்சிருந்த காலமும் சேர்ந்து எண்ணப்படுறதால இது நீண்டகால ஆதாயம். 12.5 சதவீதம் வரி, அதன் மேல் 4 சதவீதம் செஸ். ரொம்பப் பழைய நகைக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை வாங்கின விலையா எடுத்துக்கலாம். அப்போ கிராம் 420 ரூபாய்னு எடுத்துக்கிட்டா, நம்ம உதாரணத்தில் வாங்கின விலை சுமார் 9,800. ஆதாயம் சுமார் 2,23,500. வரி சுமார் 29,000 ரூபாய்.

இங்க ஒரு நியாயமான வழி இருக்கு. நகை சட்டப்படி உங்க அம்மாவுக்கோ அத்தைக்கோ வந்ததா இருந்து, அவங்களுக்கு வேற வருமானம் இல்லைன்னா, அவங்களே விற்கட்டும். பயன்படுத்தாத அடிப்படை விலக்கு வரம்பை இந்த ஆதாயத்தில் கழிச்சுக்கலாம். பெரும்பாலும் வரியே வராது. சம்பளம் வாங்குற நீங்க உங்க பேர்ல வாங்கிட்டு விற்றாதான் இந்த 29,000.

அது உண்மையில் யாருடையது?

"அப்பத்தா எனக்குத்தான்னு சொல்லுச்சு" — எல்லா வீட்டிலும் ரெண்டு மூணு பேரப்பிள்ளைகள் இதைச் சொல்வாங்க. உயில் எழுதாம ஒரு இந்துப் பெண் இறந்தா, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவரோட சொந்த நகை மகன்கள், மகள்கள், கணவர் எல்லாருக்கும் சம பங்கு. மகளுக்கு மட்டும்னு கிடையாது, மகனுக்கு மட்டும்னும் கிடையாது. உங்க அப்பாவோ அம்மாவோ உயிரோட இருக்கும்போது பேரன் பேத்திக்கு நேரடிப் பங்கே இல்லை.

அப்பத்தா இன்னும் இருக்காங்கன்னா வேலை ரொம்ப எளிது. நகை மாதிரி அசையும் சொத்தை மனசார ஒருத்தர் கையில் கொடுத்தாலே அது தானம்தான், பத்திரப் பதிவு கட்டாயம் இல்லை. பின்னாடி பேச்சு வராம இருக்க ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வச்சுக்கோங்க. இல்லைன்னா உயில்: ரெண்டு சாட்சிக் கையெழுத்து போதும். பதிவும் கட்டாயம் இல்லை, முத்திரைத் தாளும் தேவையில்லை. பேரப்பிள்ளைக்கு வர்ற இந்த நகைக்கு வாங்கும்போது வரியும் கிடையாது.

நாலு வாரிசு, ஒரே ஜோடி. பங்கு போட உருக்கித்தான் ஆகணுமா? அவசியமில்லை. நம்ம உதாரணத்தில் ஆளுக்கு சுமார் 58,300. வச்சுக்க ஆசைப்படுறவர் மத்த மூணு பேருக்கும் சேர்த்து சுமார் 1,75,000 கொடுத்துட்டு முழு ஜோடியையும் எடுத்துக்கலாம். ஒரே தடவை முடியலைன்னா மாசத் தவணை. உருக்கி நாலாப் பிரிச்சா ஆளுக்கு ஒரு சின்ன மோதிரம்தான் மிஞ்சும்.

அப்போ என்ன முடிவு?

மூணு நிலைமையாப் பிரிச்சுப் பாருங்க.

ஒண்ணு, வீட்டில் உண்மையான கஷ்டம் இருக்கு. கிரெடிட் கார்டில் ஒன்றரை லட்சம் கடன், வருஷ வட்டி 40 சதவீதத்தை ஒட்டி ஓடுதுன்னு வச்சுக்கோங்க. வட்டியே வருஷம் 60,000. பெட்டிக்குள்ள தண்டட்டியைப் பூட்டி வச்சுட்டு இந்த வட்டி கட்டுறதில் எந்த மரியாதையும் இல்லை. முதல்ல அடகு வைங்க. 10 சதவீத வட்டியில் அதே ஒன்றரை லட்சத்துக்கு வருஷம் 15,000. அடகு விற்பனை இல்லை, அதனால மூலதன ஆதாய வரியும் இல்லை. ரிசர்வ் வங்கியின் புது விதிகள்படி (2026 ஏப்ரல் 1 முதல்) இரண்டரை லட்சம் வரையிலான நகைக்கடனுக்குத் தங்க மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம், அஞ்சு லட்சம் வரை 80, அதுக்கு மேல 75. கல், அரக்கு எதுவும் மதிப்பில் சேராது. முழுக் கடனும் அடைச்ச பிறகு ஏழு வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தரலைன்னா, அவங்க தரப்புத் தாமதத்துக்கு நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தரணும். மீட்க முடியாத நிலைமைன்னா குற்ற உணர்ச்சி இல்லாம வித்துடுங்க. அந்த நகை செய்யப்பட்டதே இப்படி ஒரு நாளுக்காகத்தான்.

ரெண்டு, கஷ்டம் இல்லை, புது டிசைன் ஆசைதான். அப்படின்னா தண்டட்டியைத் தொடாதீங்க. உள்ளே இருக்கிற 23.33 கிராமும் தங்கம் ஏறும்போது கூடவே ஏறும். அது 'சும்மா கிடக்கிற' பணம் இல்லை. உங்க மொத்தச் சேமிப்பில் தங்கத்துக்கு ஒதுக்குற பங்கில் இதையும் எழுதிக்கோங்க. இன்னும் தங்கம் வேணும்னா செய்கூலி இல்லாத கோல்டு இடிஎஃப் இருக்கு. செயின் வேணும்னா போனஸ்ல வாங்குங்க.

மூணு, பாதுகாக்க வழி இல்லை, வாரிசுகளுக்கும் விருப்பம் இல்லை. அப்போ விற்கலாம். ஆனா கண் முன்னாடி உருக்கச் சொல்லுங்க, முன்னும் பின்னும் எடை எழுதி வாங்குங்க, விலை ஒத்து வரலைன்னா கட்டியைத் திருப்பி எடுத்துக்குவேன்னு முதல்லயே பேசிடுங்க.

வச்சுக்கிறதுன்னு முடிவு பண்ணா அதுக்கும் ஒரு செலவு உண்டு, லாக்கர் வாடகை. திருட்டு, தீ விபத்து, ஊழியர் மோசடியில் நகை போனா வங்கியின் பொறுப்பு வருஷ வாடகையின் 100 மடங்கு வரைதான். வாடகை 2,000 என்றால் 2,00,000. மொத்த நகை மதிப்பு அதைவிட அதிகம்னா தனிக் காப்பீடு யோசிங்க.

மெருகும் தேய்மானமும்

ஜேடு போட்டாத்தான் மெருகேறும்னு சீனாவில் நம்புறாங்க. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாள் சூடிக் களைஞ்ச மாலைதான் பெருமாளுக்கு உகந்தது. இன்னைக்கும் திருமலை பிரம்மோற்சவத்துக்கு அந்த மாலை போகுது. ஒருத்தர் போட்டதாலேயே ஒரு பொருளுக்கு மதிப்பு கூடும்னு ரெண்டு ஊருக்கும் தெரியும். அடகுக்கடைத் தராசுக்கு அது தெரியாது. அது அதைத் தேய்மானம்னு கழிக்கும். தராசு மேல கோபப்பட வேண்டாம், அதோட வேலை அது. அர்த்தத்தை நாமதான் தனியா எழுதி வைக்கணும்.

அதனால அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது நாலு வேலை பண்ணுங்க. தண்டட்டியைப் பல கோணத்தில் போட்டோ எடுங்க, முடிஞ்சா அப்பத்தா காதிலேயே. மொத்த எடையைப் போட்டு எழுதுங்க. யார் செஞ்சது, எப்போ, எதுக்கெல்லாம் அடகுக்குப் போச்சுன்னு அவங்க குரலிலேயே போன்ல பதிவு பண்ணுங்க. கடைசியா, இது யாருக்குன்னு அவங்களையே கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்க. நாளைக்கு வருமான வரிக்கு ஆதாரம் வேணும்னாலும், பங்காளிகளுக்குள்ள பேச்சு வந்தாலும், அந்தத் தாளும் போட்டோவும்தான் உங்களுக்குக் கை கொடுக்கும்.